பேர் சொல்லாத உதாரணம்

அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் என் அளவுக்குப் பிரசங்கம் கேட்டவன் எவனும் இருக்க மாட்டான். பக்தியால் அல்ல. நான் மைக்செட்காரன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பாதியில் எழுந்து போக முடியாது, அவ்வளவுதான். மாரியம்மன் கோயில் திருவிழாச் சொற்பொழிவு, பள்ளிவாசல் மீலாது பயான், பெரம்பலூர் மைதானத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம், எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிறு பூசை, எல்லாருக்கும் என்னிடம் இருப்பது ஒரே மைக். துடைத்துவிட்டுக் கொடுப்பேன்.

கேட்டுக் கேட்டு ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன். வேதம், தத்துவம் என்று பேசும் வரைக்கும் ஜனம் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கும். 'ஒரு ஊர்ல ஒரு அம்மா' என்று ஆரம்பித்தால் விசிறுவது நிற்கும். எந்த மதமாக இருந்தாலும் அந்த உதாரணத்தில் தப்புச் செய்கிறவள் பொம்பளையாகத்தான் இருப்பாள். மாமியாரைப் பார்க்காத மருமகள், சீரியலில் மூழ்கித் தொழுகையை விட்டவள், புருஷன் பேச்சைக் கேட்காதவள். ஆம்பளை வந்தால் குடிகாரனாக வருவான். அவனும் கதை முடிவதற்குள் திருந்திவிடுவான்.

இத்தனையும் தெரிந்துவைத்திருந்த நான் செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம், அரியலூர் மாவட்டம். பேர் வேண்டாம். ஏலாக்குறிச்சிக்குப் போகிற பஸ் எங்கள் ஊர் வழியாகப் போகும். பாதி ஊர் கிறிஸ்தவ வேதக்காரர்கள், பாதி இந்துக்கள். எங்கள் வேதக்கோயில் கோபுரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் இருந்தது. ஒன்று தெருவைப் பார்த்து, இன்னொன்று வயலைப் பார்த்து. பூசைக்கு வராதவன் காதிலும் பிரசங்கம் விழ வேண்டும் என்பது பழைய சாமியார் ஒருவரின் ஏற்பாடு. குழாய்களைக் கட்டியவன் நான். கூலி வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைக்கையும் நானே பார்த்துக்கொள்வேன். பக்கவாட்டுக் கதவோரம் ஒரு ஸ்டூல், அதுதான் என் இடம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் புதிதாக ஒரு சாமி வந்தார். கடலோரத்து ஊர்க்காரர். கம்பீரமான குரல், மைக்கில் அப்படியே நிற்கும். ஆனால் எங்கள் பக்கத்து விவசாயம், சண்டை, சச்சரவு எதுவும் அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் நான் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கப் போகும்போது சாமியார் பங்களா வராந்தாவில் உட்காரவைத்து டீ கொடுப்பார்.

"அப்புறம், ஊருல என்னப்பா விசேஷம்?" என்பார்.

நான் சொல்லுவேன். அண்ணன் தம்பி இரண்டு பேர் வரப்புக்காக அடித்துக்கொண்டதைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அது பிரசங்கத்தில் வந்தது, பேர் இல்லாமல். மகன் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கும் ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அதுவும் வந்தது. கோயிலில் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். அந்த அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டதை என் ஸ்டூலிலிருந்து பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பிரசங்கத்தில் பாதி நம்முடையது என்ற பெருமை. வெட்கம் கெட்ட பெருமை.

என் மனைவி செட்டிகுளத்துப் பக்கம். முருகன் மலைக்குக் கீழே விவசாயக் குடும்பம். அந்த ஊர்த் திருவிழாவுக்கு மைக் கட்டப் போன இடத்தில் பழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து வேதக்காரனான எனக்குப் பாதி ஜெபம் வாய்க்குள் முணுமுணுப்புதான். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். அப்படி இருந்தும் பன்னிரண்டு வருடமாக எங்கள் தெருப் பெண்கள் அவளைப் 'புதுசு' என்றுதான் சொன்னார்கள். ஜெபமாலை சொல்லும்போது அவள் முறை வந்தால் எல்லாரும் கொஞ்சம் கவனமாகக் கேட்பார்கள், எங்கே தப்பு விடுவாள் என்று. அவள் தப்பு விட்டதே இல்லை. போன வருடம்தான் அந்தப் பார்வை குறைய ஆரம்பித்தது. மகளுக்கு இந்த வருடம் புதுநன்மை. முதல் முறை நற்கருணை வாங்கும் பிள்ளைக்குப் பின்னால் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு நிற்க வேண்டும். அதற்கு என்ன சேலை என்று ஆறு மாதம் முன்பே எடுத்து வைத்துவிட்டாள்.

ஐப்பசி மழையில் மகளுக்கு டெங்கு. அரியலூரில் பார்த்து, முடியாமல் திருச்சிக்கு அனுப்பினார்கள். பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடந்த இரண்டு நாளில் இவள் ஏலாக்குறிச்சி மாதாவுக்கும் வேண்டினாள், செட்டிகுளம் முருகனுக்கும் வேண்டினாள். மாதாவுக்கு மெழுகுவர்த்தி, முருகனுக்குப் பிள்ளையின் முடி. பிழைத்து வந்த பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

"வேண்டிட்டேங்க. அந்த நேரத்துல வாயில வந்துச்சு. செய்யலன்னா எனக்குத் தூக்கம் வராது. நீங்க வேணாம்னா போவல."

"போயிட்டு வா. இதுல என்ன இருக்கு" என்றேன்.

மாசி மாதம் நானே இருவரையும் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய்ப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எனக்கு அன்றைக்கு ஒரு கல்யாண வேலை இருந்தது. பிள்ளை மொட்டையோடு திரும்பி வந்தாள். சந்தன வாசனை. ஊரில் எல்லாரும் வேளாங்கண்ணி மொட்டை என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அங்கேதான் மொட்டை போடுவார்கள். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. 'யாருட்டயும் வேணாங்க' என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

புதுநன்மைக்கு முன்னால் பெற்றவர்களும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், செய்த தப்பையெல்லாம் சாமியிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே இதைச் சொல்ல வேண்டுமா கூடாதா என்று அவள் மறுகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு சனிக்கிழமை டீ குடிக்கும்போது சாமியிடம் நான் வாயைத் திறந்தேன். 'இத அவ பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா சாமி?' என்று கேட்டேன்.

சாமி சிரித்தார். "தாய் மனசுப்பா. கடவுளுக்குத் தெரியாதா? போட்டுக் குழப்பிக்க வேணாம்னு சொல்லு. நீயும் யார்ட்டயும் சொல்லிக்காத."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. வீட்டுக்கு வந்து இதை அவளிடம் சொல்லவில்லை. சாமியிடம் பேசினேன் என்று சொன்னால் கோபப்படுவாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். சாமியிடமும் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. அன்றைய வாசகம் உறுதியான விசுவாசம் பற்றியது. சாமி ஐந்து நிமிடம் பொதுவாகப் பேசினார். ஜனம் விசிறிக்கொண்டிருந்தது. பிறகு குரலை இறக்கினார். குரல் இறங்கினால் உதாரணம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். பழக்கத்தில் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன்.

"ஒரு ஊர்ல ஒரு அம்மா. ஜெபமாலை சொல்லுவாங்க, பூசை தவற மாட்டாங்க. பிள்ளைக்கு ஒடம்பு முடியாம போச்சு. மாதாகிட்ட கேட்டாங்க, சரி. ஆனா மாதா மேல முழு நம்பிக்கை இல்ல. மலையேறிப் போயி, பிள்ளைக்கு மொட்டை அடிச்சி, வேற வாசல்ல பிச்சை கேட்டாங்க. நம்ம வீட்டுல சோறு இருக்கும்போது அடுத்த வாசல்ல கையேந்தலாமா? அந்தக் கணவர் மனசு ஒடஞ்சிபோயி என்கிட்ட வந்தாரு. நல்ல விசுவாசி. 'சாமி, நான் என்ன செய்வேன்'னு கேட்டாரு..."

எங்கள் கோயிலில் பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால் பாயில் உட்காருவார்கள். அன்றைக்கு அந்தக் கோயிலில் மொட்டைத் தலை ஒன்றுதான் இருந்தது. முதல் வரிசையில், சாமியின் கண்ணுக்கு நேரே. பக்கத்துப் பிள்ளை ஒன்று திரும்பி அந்தத் தலையைப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு பெண்கள் பக்கம் முழுக்க.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கடைசி வரியில் லேசாக எக்கோ அடித்தது. அதைச் சரி செய்துகொண்டிருந்தேன். சத்தம் குறைக்கும் பட்டன் என் விரலுக்குக் கீழே. ஒரு திருப்பு திருப்பியிருந்தால் கரண்ட் போச்சு என்று நினைத்திருப்பார்கள், எங்கள் ஊரில் போகாத கரண்டா. நான் திருப்பியது எக்கோ பட்டனை. என் பெண்டாட்டியின் மானம் வயல் வரைக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதுபோல் சரி செய்துகொடுத்தேன்.

அவள் எழுந்தாள். பாய் வரைக்கும் நடந்துபோய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கினாள். பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள். சாமியை அவள் பார்க்கவே இல்லை. போகும்போது என்னைத்தான் பார்த்தாள்.

பூசை முடிந்து டீக்கடைக்குப் போனேன். வீட்டுக்குப் போக பயம். கடைக்காரர் இந்து, என் பள்ளிக்கூட சிநேகிதர். கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"என்ன மைக்செட்டு, கோழி கூவுறதுக்கு முன்னாடியே ஒங்க சாமி ஆரம்பிச்சிட்டாரு? முருகன் வாசல்ல நாங்கல்லாம் பிச்சதான் எடுக்குறமா?"

"அவரு பொதுவா சொன்னாரு."

"பொதுவா. குழாய எங்க வூட்டப் பாத்து திருப்பி வச்சிட்டு பொதுவா. டீய குடி, ஆறுது."

வீட்டில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூலையில் இருந்தாள். எங்கள் தெரு ஜெபக் குழுத் தலைவி அதற்குள் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு அக்கா முறை.

"நான் ஒண்ணும் தப்பா நெனக்கல தம்பி. ஆனா புதுநன்மை வருதுல்ல. அதுக்கு முன்னாடி அவள சாமி கால்ல வுழுந்து ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுடச் சொல்லு. பன்னெண்டு வருசம் ஆனாலும் பழைய புத்தி போவாதுன்னு நாலு பேரு பேசுறதுக்கு நாம எடம் குடுக்கக் கூடாது பாரு."

"போயிட்டு வாங்க அக்கா" என்று உள்ளே இருந்து என் மனைவி சொன்னாள். அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். அந்த அம்மா போய்விட்டார்.

பிறகு என்னிடம் கேட்டாள். "நீங்க சொன்னீங்களா?"

"ம்."

"மனசு ஒடஞ்சி போயி சொன்னீங்களா?"

இங்கேதான் நான் விட்ட விஷயம் வருகிறது. சாமியிடம் நான் 'அவ வேண்டிக்கிட்டா, அவ போனா, அவ மொட்டை போட்டா' என்றுதான் சொன்னேன். நானும் சரி என்று சொன்னதைச் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிட்டதைச் சொல்லவில்லை. சாமி முன்னால் என் பேர் கெடக் கூடாது. உடைந்த மனசு சாமி சேர்த்துக்கொண்டது, ஆனால் சேர்த்துக்கொள்ள இடம் விட்டவன் நான்.

"அவரு சேத்துக்கிட்டாரு" என்றேன்.

"நீங்க போயிட்டு வான்னு சொன்னத அவரு ஏன் சேத்துக்கல?"

தரையில் கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"குழாய் ஒங்க கையிலதான இருந்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு போடும்போதுகூட 'இந்தாங்க' என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். தட்டை வைத்துவிட்டுப் போவாள்.

மறுநாள் பங்களாவுக்குப் போனேன். டீ வந்தது. தொடவில்லை.

"யார்ட்டயும் சொல்லிக்காதன்னு நீங்கதான சாமி சொன்னீங்க."

"நான் யார் பேரையும் சொல்லலையேப்பா."

"மொட்ட ஒண்ணுதான் சாமி இருந்துச்சு கோயில்ல."

"கவனிக்கல" என்றார். உண்மையாகவே கவனித்திருக்க மாட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதுதான் எனக்கு அதிக எரிச்சல். நான்கு வருடம் ஞாயிறுதோறும் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசிய ஆள், கண்ணுக்கு நேரே இருந்த ஒரு பிள்ளையின் தலையைக் கவனிக்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் உதாரணத்தைத்தான்.

"ஜனங்களுக்கு உதாரணம் இல்லாம எதுவும் ஏற மாட்டேங்குதுப்பா. ஒனக்குத் தெரியாததா? இதுக்கு முன்னாடி நீ சொன்னதெல்லாம் நான் சொன்னப்ப நல்லாதான இருந்துச்சு?"

நல்லாத்தான் இருந்தது. கஞ்சி காய்ச்சிக் குடிக்கும் அந்த அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

பங்குனி முழுக்க அவள் கோயிலுக்கு வரவில்லை. குருத்தோலை ஞாயிறுக்கும் இல்லை, உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் இல்லை. பிள்ளையை மட்டும் ஞானோபதேச வகுப்புக்கு அனுப்பினாள். ஒரு நாள் கேட்டேன், புதுநன்மைக்காவது வருவாயா என்று.

"வரேன். நீங்களும் சரின்னு சொன்னீங்கன்னு ஊருக்குத் தெரியட்டும். அப்பறம் வந்து நிக்கிறேன். எங்க கேட்டுச்சோ அங்க சொல்லுங்க. அதே மைக்குல."

இருபத்திரண்டு வருடமாக மைக் கட்டுகிறேன். 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' தவிர அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு ஞாயிறு பேசலாம் என்று போய், பேசாமல் திரும்பினேன். மூன்றாவது வாரத்துக்குள் இன்னொன்று நடந்துவிட்டது. அந்தப் பிரசங்கத்துக்குப் பிறகு இந்துத் தெருவில் இருந்து நான்கு பெரியவர்கள் வந்து, இனிக் குழாய் வேண்டாம், உள்ளே வைத்துப் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. சாமியும் ஒத்துக்கொண்டார். ஏணி வைத்து ஏறி இரண்டு குழாயையும் இறக்கியது நான்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டகையில் கவிழ்த்து வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு, பூசைக்கு அரை மணி நேரம் முன்னால், மைக்கைத் தட்டிப் பார்த்தேன். ஹலோ என்றேன். பிறகு சொன்னேன்.

"செட்டிகுளத்துல மொட்ட போட்டதுக்கு அந்த வீட்டு ஆம்பளையும் சரின்னுதான் சொன்னான். பஸ் ஏத்திவிட்டதும் அவன்தான். மனசெல்லாம் ஒண்ணும் ஒடையல. அத சாமிகிட்ட சொல்லாம மறச்சிட்டான்."

உள்ளே சுவரில் மாட்டிய இரண்டு பாக்ஸில்தான் அது கேட்டது. ஜெபமாலைக்கு முன்கூட்டியே வந்த நான்கு கிழவிகள் இருந்தார்கள். அதில் ஒருத்திக்குக் காது கேட்காது. சாமி உடுப்பு மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"என்னப்பா இது, கோயில்ல?"

"நானும் பேரு சொல்லல சாமி" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. திரும்பி உள்ளே போனார். பூசை நேரத்துக்குத் தொடங்கியது. பிரசங்கத்துக்கு நான் இல்லை. ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன், சொல்லிட்டேன் என்று.

"எத்தன பேரு கேட்டாங்க?"

"நாலு பேரு. சாமியோட அஞ்சு."

"அன்னைக்கு எத்தன பேரு கேட்டாங்க?"

எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். தெரு முழுக்க, வயல் வரைக்கும், எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். குழாயைத் திருப்பி வைத்தவன் நான்.

வைகாசியில் புதுநன்மை. மகளுக்கு அதற்குள் இரண்டு விரற்கடை முடி வளர்ந்திருந்தது. வெள்ளைக் கவுனோடு தலையில் வைக்கிற பூக்கிரீடம் நிற்கவில்லை, ஹேர்பின் குத்த முடி போதவில்லை. அவள் அம்மாவே ஒரு வெள்ளை நாடாவைத் தைத்துத் தாடைக்குக் கீழே கட்டிவிட்டாள். கோயில் கேட் வரைக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எடுத்துவைத்த அந்தச் சேலையைக் கட்டியிருக்கவில்லை, தினம் கட்டுகிற சேலைதான். கேட்டில் நின்றுவிட்டாள்.

மகளுக்குப் பின்னால் நான் இரண்டு மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் இரண்டு இரண்டு பேர். சாமி பிரசங்கம் வைத்தார். பிள்ளைகளைப் பற்றி என்று நினைக்கிறேன். என்ன சொன்னார் என்று கேட்டால் தெரியாது. இத்தனை வருடத்தில் கோயிலுக்குள் நின்றும் நான் கேட்காமல் விட்ட பிரசங்கம் அது ஒன்றுதான். வெளியே குழாய் இல்லாததால் கேட்டில் நின்றவளுக்கும் கேட்டிருக்காது.

முடிந்ததும் மகள் ஒரு மெழுகுவர்த்தியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். காற்றில் அது வழியிலேயே அணைந்துவிட்டது. அவள் அதை மகளிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நான் போய் இன்னொன்றை நீட்டினேன். என்னுடையது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அதை அவள் வாங்கவில்லை. பிள்ளையின் கிரீட நாடாவை அவிழ்த்துவிட்டு, "வாடி, போவலாம்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.